கதிரை இல்லாத ரீச்சர்



ஒரு மதிய வேளை. கிளிநொச்சி பஸ் நிலையத்தில் முல்லைத்தீவுப் பக்கம் போகும் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். மூலையில் இருந்த வாங்கில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துத் திறந்துகொண்டிருந்தார். அவர் ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரியில் தையல் கற்பிக்கும் பகுதிநேரப் போதனாசிரியர். காலடியில் ஒரு பெரிய பை. சுருட்டி வைத்த பிரவுண் பேப்பர்களின் நுனிகள் அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கத்தரிக்கோல், அளவு நாடா, சோக்கட்டி எல்லாம் அதற்குள்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

"என்னக்கா, கல்லூரியிலேயே சாப்பிட்டிட்டு வந்திருக்கலாமே?" என்று கேட்டேன்.

"எங்கை இருந்து சாப்பிடுறது தங்கச்சி? கிளாஸ் அறையிலை அடுத்த கிளாஸ் தொடங்கிடும். ஒபிசிலை இருக்கிறது அவையின்ரை மேசையள். எனக்கெண்டு அங்கை ஒரு கதிரை இல்லை. கிளாஸ் முடிஞ்சா நானும் முடிஞ்சுபோறன்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பஸ் வந்து ஏறிய பின்னரும் அந்தக் கடைசி வசனம் என்னை விடவில்லை. ஆகவே இம்மாதம் இந்தப் பக்கத்தில் பகுதிநேரமாகக் கற்பிக்கும் எமது சகோதரிகளைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

யார் இவர்கள்?

இதை வாசிக்கும் உங்களில் பலர் தையல், கணினி, ஆங்கிலம், சமையற்கலை, அழகுக்கலை, முன்பள்ளி ஆசிரியர் பயிற்சி என்று ஏதோ ஒரு கற்கைநெறியைப் படித்திருப்பீர்கள். உங்களுக்குக் கற்பித்தவரை நினைத்துப் பாருங்கள். அவர் மாதச் சம்பளக்காரராக இருந்தாரா? அனேகமாக இல்லை. வகுப்புக்கு வந்த மணித்தியாலங்களைக் கணக்கிட்டுக் கொடுப்பனவு பெறும் ஒருவராகவே இருந்திருப்பார். தொழில்நுட்பக் கல்லூரி, உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகம் போன்ற இடங்களில் இவர்களை வருகைதரு விரிவுரையாளர் என்பார்கள். பயிற்சி நிலையங்களில் பகுதிநேரப் போதனாசிரியர் என்பார்கள். எம்மைப் போன்ற தொண்டு நிறுவனங்கள் வளவாளர் என்று எழுதும். பெயர்கள் வேறு, நிலைமை ஒன்று.

2009இல் யுத்தம் முடிந்த பின்னர் எமது பிரதேசங்களுக்கு ஆறு மாத, ஒரு வருடப் பயிற்சித் திட்டங்கள் ஏராளமாக வந்தன. திட்டம் குறுகியது என்பதால் வேலையும் குறுகியதாகவே இருந்தது. மறுபக்கம், கணவரை இழந்தும் காணாமல் போகக் கொடுத்தும் குடும்பத்தைத் தலைமை தாங்கிய பெண்களுக்கு அரைநாள் வேலை வசதியாக இருந்தது. பிள்ளை பள்ளிக்கூடத்தால் வருவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம் அல்லவா? எனவே பகுதிநேர வேலையே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அது பலருக்கு அடுப்பு எரிய வைத்த வேலை. வேலை பகுதிநேரமாக இருக்கலாம், அதைச் செய்பவரைப் பகுதி மனிதராக நடத்தலாகாது என்பதுதான் எனது வாதம்.

ஒரு கொப்பியின் கணக்கு

அடுத்த முறை அந்த அக்காவைச் சந்தித்தபோது ஒரு வேண்டுகோள் வைத்தேன். "ஒரு கிழமைக்கு மட்டும், நீங்கள் இந்த வேலைக்காகச் செலவழிக்கிற நேரத்தை எல்லாம் எழுதி வையுங்கோ அக்கா" என்றேன். அவர் மகளின் பழைய கணிதக் கொப்பி ஒன்றில் எழுதி வைத்திருந்தார்.

திங்கட்கிழமை வகுப்பு காலை 9 மணி முதல் 12 மணி வரை. அவர் வீட்டை விட்டு வெளிக்கிட்டது 6.45இற்கு. திரும்பி வந்து சேர்ந்தது பிற்பகல் 2.30இற்கு. இது 7 மணித்தியாலமும் 45 நிமிடமும். முதல்நாள் இரவு சட்டைக் கழுத்து வெட்டும் மாதிரிகளைப் பேப்பரில் கீறி வெட்ட 1 மணித்தியாலம். அன்றிரவு மாணவிகளின் பதிவுக் கொப்பிகளைத் திருத்த 45 நிமிடம். ஆக மொத்தம் ஒன்பதரை மணித்தியாலம். கொடுப்பனவு கிடைத்தது 3 மணித்தியாலத்துக்கு.

கிழமைக்கு அப்படி மூன்று நாட்கள். சம்பளக் கணக்கில் 9 மணித்தியாலம், அவருடைய வாழ்க்கைக் கணக்கில் இருபத்தெட்டரை மணித்தியாலம். பிரவுண் பேப்பரும் பஸ் காசும் அவரது கைக்காசு. செவ்வாய்க்கிழமைக்கு நேரே ஒரு குறிப்பும் இருந்தது: "அலுமாரித் திறப்பு வைத்திருப்பவர் லீவு. மெஷின் ஊசி, நூல் எடுக்க ஏலாது. ஒரு மணித்தியாலம் வாயாலை படிப்பிச்சன்."

சமூகவியல் படித்த நாட்களில் 'கண்ணுக்குத் தெரியாத உழைப்பு' என்பது பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். வீட்டு வேலையை உதாரணமாகக் காட்டிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். சம்பளம் தரும் வேலைக்குள்ளேயே அந்த உழைப்பு ஒளிந்திருக்கிறது என்பதை இந்தக் கணிதக் கொப்பிதான் எனக்குக் காட்டியது.

வகுப்பு நடந்தால்தான் காசு என்ற ஏற்பாட்டின் மறுபக்கத்தையும் நாம் கண்டோம். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது, வகுப்புகள் நின்றன. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தது, பஸ்கள் குறைந்தன, வகுப்புகள் மறுபடி நின்றன. நிரந்தர ஊழியருக்குச் சம்பளம் வந்தது. மணித்தியாலக் கணக்கில் இருந்தவருக்கு ஒன்றும் வரவில்லை. அந்த மாதங்களில் இந்த அக்கா அயலவரின் பழைய துணிகளைத் தைத்துக் கொடுத்து அரிசி வாங்கினார்.

கடிதம் இல்லாத ஏழு வருடங்கள்

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் அவருக்கு 2022இல்தான் நேர்ந்தது. வேறொரு நிறுவனத்தில் நிரந்தரப் போதனாசிரியர் வெற்றிடம் ஒன்று அறிவிக்கப்பட்டது. கற்பித்த அனுபவம் 5 வருடம் வேண்டும், அதனை உறுதிப்படுத்தும் கடிதம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அக்கா 2015 முதல் ஒரே கல்லூரியில் கற்பித்து வந்தவர். ஏழு வருடம். கடிதம் கேட்டுப் போனார்.

"உங்களுக்கு நியமனக் கடிதம் தரேல்லைத்தானே? அப்ப சேவைக் கடிதம் எப்பிடித் தாறது?" என்று கேட்டார்கள். பல நாள் அலைந்த பின்னர், புதிய பொறுப்பதிகாரி தனது காலத்து வரவுப் பதிவேடுகளைப் பார்த்து 2019இலிருந்து கற்பிக்கிறார் என்று எழுதிக் கொடுத்தார். அதற்கு முந்திய பதிவேடுகளைத் தேடிப் பிடிக்க முடியவில்லை.

நானும் அவரும் அவரது வங்கிப் புத்தகத்தை விரித்து வைத்து, அந்தக் கல்லூரியிலிருந்து பணம் வந்த ஒவ்வொரு வரியையும் சிவப்புப் பேனையால் கோடிட்டோம். 2017 வரை பின்னோக்கிப் போக முடிந்தது. ஐந்து வருடம் கணக்கில் வந்துவிட்டது! ஆனால் அந்தப் பிரதிகளுடன் மறுபடி கடிதம் பெறுவதற்குள் விண்ணப்ப முடிவுத் திகதி கடந்துவிட்டது. அந்த வேலை அவருக்குத்தான் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கேட்டுப் பார்க்கும் உரிமைகூட ஒரு கடிதம் இல்லாததால் போய்விட்டது.

இடம்பெயர்ந்து வந்த எமக்குக் கடுதாசியின் பெறுமதியைப் புதிதாகச் சொல்லித் தரத் தேவையில்லை. வீட்டையும் மாட்டையும் விட்டுவிட்டு, சான்றிதழ்கள் சுற்றிய பொலித்தீன் பையை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடியவர்கள் நாங்கள். அப்படிப்பட்ட எமக்குச் செய்த வேலைக்கு ஒரு கடுதாசி கிடைக்காமல் போவது எவ்வளவு பெரிய அநியாயம்!

நான் கீறிய கோடு

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு பயிற்சித் திட்டத்தை நான் ஒருங்கிணைத்தேன். அதன் வரவுசெலவுத் திட்டத்தை எழுதியது நானே. 'வளவாளர் கொடுப்பனவு' என்று ஒரு வரி, அதற்கு நேரே வகுப்பு மணித்தியாலங்கள், அதற்கு நேரே தொகை. அத்தோடு கோடு கீறிவிட்டேன். ஆயத்தத்துக்கு ஒரு ரூபாகூட இல்லை. பயணச் செலவு இல்லை. உபகரணப் பட்டியலில் தையல் மெஷின் இருந்தது, பிரவுண் பேப்பர் இல்லை. எனது சொந்தப் பயணப்படியை எழுத மட்டும் நான் மறக்கவில்லை.

அந்தத் திட்டத்தில் கற்பித்தவர்களில் இந்த அக்காவும் ஒருவர். அவர் ஒருநாளும் என்னிடம் முறையிடவில்லை. முறையிட்டால் அடுத்த முறை கூப்பிடமாட்டார்கள் என்று பயந்திருப்பார். கல்லூரிகளை மட்டும் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

வகுப்பறைக்குள் வரும் யுத்தம்

பகுதிநேரப் போதனாசிரியருக்கு வேண்டியது பணமும் கடிதமும் மட்டுமல்ல. அக்கா சொன்ன இன்னொரு சம்பவத்தைக் கேளுங்கள். அவரது வகுப்பில் ஐம்பது வயதை அண்மித்த ஒரு தாய். மகனைக் காணாமல் போகக் கொடுத்தவர். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய நாளிலிருந்து அதில் நின்றவர். போராட்டத்துக்குப் போகும் நாட்களில் வகுப்புக்கு வரமாட்டார். வரவு குறைந்தால் பயிலுநருக்கான கொடுப்பனவு வெட்டப்படும்.

"நான் 'வரவில்லை' எண்டு போடவேணும். பேனையை எடுத்தா கை ஓடாது. போடாம விட்டா என்ரை பிழை. ஆரிட்டைக் கேக்கிறது? ஸ்ராஃப் மீற்றிங்குக்கு என்னைக் கூப்பிடுறேல்லை. கூப்பிட்டாலும் அது எனக்கு வகுப்பில்லாத நாளிலை."

யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பெண்கள் படிக்கும் வகுப்பில் திடீரென அழுபவர் இருப்பார். வெடிச் சத்தம் கேட்டால் உறைந்துபோபவர் இருப்பார். உடம்பில் செல் துண்டு இருப்பதால் நெடுநேரம் குனிந்து தைக்க முடியாதவரும் இருப்பார். இவர்களை நேருக்கு நேர் எதிர்கொள்பவர் போதனாசிரியரே. அவருக்கு உளசமூகப் பயிற்சி வேண்டாமா? நிரந்தர ஊழியருக்குக் கருத்தரங்கு வைக்கும்போது பகுதிநேரத்தாரை ஏன் மறந்துவிடுகிறோம்? ஒரு கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு, முன்னால் நிற்கும் ரீச்சர் முழுநேரமா பகுதிநேரமா என்பது தெரியாது. அவருக்குக் கிடைக்காத பயிற்சி அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காத பயிற்சிதான்.

நாம் அறிந்திருக்க வேண்டியவை

சகோதரிகளே, இவை எல்லாம் வெறும் இரக்கத்துக்காகக் கேட்கும் விடயங்கள் அல்ல. 1997இல் யுனெஸ்கோ நிறுவனம் உயர்கல்விக் கற்பித்தல் ஆளணியினர் தொடர்பாக ஒரு பரிந்துரையை ஏற்றுக்கொண்டது. ஒழுங்காகப் பகுதிநேரமாகக் கற்பிப்பவருக்கு முழுநேரத்தாருக்குரிய ஊதியம் வேலை நேரத்துக்கு ஏற்ற விகிதத்தில் கிடைக்க வேண்டும், நோய் விடுமுறை, பிரசவ விடுமுறை, சமூகப் பாதுகாப்பு என்பனவும் வேண்டும் என்று அது சொல்கிறது. பரிந்துரை சட்டமல்ல. ஆனால் நியாயம் எது என்று உலகம் ஒத்துக்கொண்டதற்கு அது சாட்சி.

எமது நாட்டின் சட்டத்திலும் பிடித்துக்கொள்ளக்கூடிய இடங்கள் உண்டு.

முதலாவது ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் தொழில் வழங்குநரின் பங்காக 12 சதவீதமும் கட்டப்பட வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில் வழங்குநர் மேலும் 3 சதவீதம் கட்ட வேண்டும். தற்காலிகம், பகுதிநேரம் என்று சொல்லி இதைத் தட்டிக்கழிக்க முடியாது. உதாரணமாக ஒருவர் மாதம் 15,000 ரூபா பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரது பங்கு 1,200 ரூபா, தொழில் வழங்குநரின் பங்குகள் 1,800 ரூபாவும் 450 ரூபாவும். மாதம் 3,450 ரூபா அவரது பெயரில் சேர வேண்டும். ஒரு வருடத்தில் 41,400 ரூபா! பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சமய, சமூக, அற நிறுவனங்களுக்குச் சேமலாப நிதியிலிருந்து விலக்கு உண்டு. அரச திணைக்களங்களின் ஏற்பாடும் வேறு. "நீங்கள் ஊழியர் அல்ல, சேவை வழங்குபவர்" என்று சில இடங்களில் சொல்வார்கள். அதை அப்படியே நம்பிவிடாமல், உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இரண்டாவது தேசிய தொழிற்றகைமை. இது 7 மட்டங்களைக் கொண்டது. மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு இதற்குப் பொறுப்பானது. கையில் தொழில் இருந்தும் சான்றிதழ் இல்லாதவருக்கு, முன்னர் கற்றதையும் செய்ததையும் மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் வழி இங்கே உண்டு. தாயிடமோ முகாமிலோ தையல் பழகியவர்களும் இவ்வழியால் தகைமை பெறலாம். கல்வித் தகைமையை உயர்த்த விரும்பும் போதனாசிரியருக்கு 2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தால் இரத்மலானையில் தொழிற்றொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அமைக்கப்பட்டது. வன்னியிலிருந்து அங்கே போய்ப் படிப்பது இலகுவல்ல என்பதும் உண்மையே.

மூன்றாவது, பலர் அறியாத ஒன்று. ஒரு கற்கைநெறிக்கு அங்கீகாரம் பெறும்போது அங்கே கற்பிப்பவரின் தகைமைகளும் பார்க்கப்படுகின்றன. உங்கள் சான்றிதழின் பிரதியைக் கல்லூரி வாங்கி வைத்திருக்கிறது என்றால், கல்லூரிக்கும் நீங்கள் தேவைப்படுகிறீர்கள் என்று அர்த்தம். தலை குனியாமல் பேசுங்கள்.

மூவர் சேர்ந்து கேட்டது

அந்தக் கல்லூரியில் தையல் அக்காவோடு, கணினி கற்பிக்கும் ஒரு தங்கையும் ஆங்கிலம் கற்பிக்கும் ஒரு பட்டதாரிப் பெண்ணும் பகுதிநேரமாக இருந்தார்கள். ஆளுக்கொரு நாளில் வருவதால் இரண்டு வருடமாக ஒருவரை ஒருவர் கண்டதில்லை! மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் அக்கா வீட்டு வேப்பமரத்தடியில் கூடத் தொடங்கினார்கள். மாதர் சங்கமும் மரண உதவிச் சங்கமும் நடத்திப் பழகிய எமக்கு இதுவொன்றும் புதிதல்லவே. எந்த மாணவி எதில் பின்தங்குகிறாள், யாருக்கு வீட்டில் கஷ்டம் என்று பேசினார்கள். காணாமல் போன மகனின் தாயைப் பற்றியும் பேசினார்கள். அவர் தவறவிடும் பாடத்தை வேறு நாளில் நடத்தி, அதையும் வரவாகப் பதிய அனுமதி கேட்பது என்று முடிவெடுத்தார்கள்.

பின்னர் மூவரும் கையொப்பமிட்டு ஒரே ஒரு பக்கக் கடிதம் எழுதினார்கள். கொப்பியின் கணக்கையும் இணைத்தார்கள். தவணை தொடங்க இரு கிழமைக்கு முன் நேரசூசி, அலுமாரிக்கு மற்றுமொரு திறப்பு, வருட முடிவில் சேவைக் கடிதம், அந்தத் தாயின் வரவு விடயம், ஆயத்த நேரத்துக்கு ஒரு சிறு கொடுப்பனவு என ஐந்து வேண்டுகோள்கள். முதல் நான்கையும் பொறுப்பதிகாரி ஏற்றுக்கொண்டார். "இவ்வளவும் எங்களுக்குத் தெரியாதே, முந்தியே சொல்லியிருக்கலாமே" என்றாராம். ஐந்தாவதற்கு மட்டும் நிதி இல்லை என்று பதில் வந்தது. அது இன்னும் அப்படியே நிற்கிறது. கேட்காத ஒன்றும் கிடைத்தது: அலுவலக மூலையில் ஒரு மேசை, இரண்டு கதிரைகள்.

எனது பங்குக்கு நானும் ஒன்று செய்தேன். அண்மையில் எழுதிய வரவுசெலவுத் திட்டத்தில் 'ஆயத்த நேரம்' என்று ஒரு வரியைச் சேர்த்தேன். இது எதற்கு என்று நிதி தருபவர்கள் கேட்டார்கள். அக்காவின் அனுமதியோடு அந்தக் கொப்பிப் பக்கத்தின் பிரதியை அனுப்பினேன். கேட்டதில் பாதித் தொகைக்கு இணங்கினார்கள். பாதிதான். ஆனால் அந்த வரி இப்போது அங்கே இருக்கிறது, அடுத்த முறை அதை அழிப்பதற்கு யாராவது காரணம் சொல்ல வேண்டும்.

பகுதிநேரமாகக் கற்பிக்கும் சகோதரிகளே, இன்றே ஒரு கொப்பி எடுங்கள். திகதி, வகுப்பு, வெளிக்கிட்ட நேரம், வந்து சேர்ந்த நேரம், ஆயத்தம், கைக்காசு எல்லாவற்றையும் எழுதுங்கள். வங்கிப் புத்தகத்தை எறிய வேண்டாம். ஒவ்வொரு வருட முடிவிலும் கடிதம் கேட்டு வாங்குங்கள், பொறுப்பானவர் மாறிப்போகும் முன்னர் வாங்குங்கள். உங்களைப் போல் வேறு யார் வருகிறார்கள் என்று வரவுப் பதிவேட்டில் பெயரைப் பார்த்துத் தேடிப் பிடியுங்கள்.

அவர்களிடம் படித்த, படிக்கின்ற சகோதரிகளே, அடுத்த வகுப்பு முடியும்போது உங்கள் ரீச்சர் எங்கே இருந்து சாப்பிடுகிறார் என்று ஒருதரம் பாருங்கள். அதைப் பார்த்தாலே பேச வேண்டிய மீதி விடயங்கள் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.